72 மணி நேரம், எந்தக் கடிகாரத்தில்?

"இதைப் போட்டா கண்டிப்பா கரு தங்காதுல்ல?" அவசரக் கருத்தடை மாத்திரையைக் கையில் வாங்கிய எந்தப் பெண்ணும் முதலில் கேட்பது இதைத்தான். பதிலாக அவருக்குக் கிடைப்பது ஒரு சதவீதம். ஓரிடத்தில் 95 என்று படித்திருப்பார், இன்னோரிடத்தில் 85. மருத்துவம் படிக்கும் தோழி 58 என்று சொல்லிக் கலவரப்படுத்தியிருப்பார். மூன்று எண்களும் மெய்யானவை, மூன்றும் ஒரே ஆய்விலிருந்து வந்தவை. ஆனாலும் எதுவும் அவர் கேட்டதற்குப் பதிலாகாது. ஏன் ஆகாது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த மாத்திரையை அளவுக்கு மீறி நம்பித் தவித்தவர்களும் உண்டு, வீண் பயத்தால் அதைத் தொடாமல் தவித்தவர்களும் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் நடத்திய அந்த ஆய்வு 1998-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அதுவரை வழக்கத்தில் இருந்தது கனடா நாட்டு மருத்துவர் ஆல்பர்ட் யூஸ்பே 1970-களில் வகுத்த முறை. சாதாரணக் கருத்தடை மாத்திரைகளில் உள்ள ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் இரண்டையும் கூடுதலான அளவில், 12 மணி நேர இடைவெளி விட்டு இருமுறை விழுங்க வேண்டும். குமட்டலும் வாந்தியும் பாடாய்ப் படுத்தும். அந்த முறையோடு லெவோனார்ஜெஸ்ட்ரல் என்ற ஒற்றை ஹார்மோனை இந்த ஆய்வு ஒப்பிட்டது. யூஸ்பே முறையில் 979 பேரில் 31 பேர் கருவுற்றார்கள். லெவோனார்ஜெஸ்ட்ரல் எடுத்த 976 பேரில் 11 பேர். வாந்தி எடுத்தவர்களின் எண்ணிக்கையும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியது. பழைய முறை மெல்ல வழக்கொழிந்தது. 2002-இல் 10 நாடுகளில் 4,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய மற்றோர் ஆய்வு, 1.5 மில்லிகிராமை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே தடவையில் விழுங்கினாலும் பலன் குறையவில்லை என்று காட்டியது. இன்று கடையில் வாங்கும் அட்டையில் ஒரே ஒரு மாத்திரை இருப்பது அதனால்தான்.

976 பேரில் 11 என்றால் நூற்றுக்கு ஒன்று சொச்சம். அப்படியானால் 99 சதவீதம் என்றல்லவா சொல்ல வேண்டும், 85 எங்கிருந்து வந்தது?

ஒருமுறை பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டதுமே கரு தங்கிவிடுவதில்லை. மாதத்தில் எந்த நாள் என்று பார்க்காமல் சராசரி எடுத்தால், நூறு தடவைக்கு ஏறத்தாழ மூன்று தடவைதான் தங்குகிறது. ஆகவே மாத்திரை போட்டவர்களில் பெரும்பாலோர், போடாமல் இருந்திருந்தாலும் கருவுற்றிருக்க மாட்டார்கள். தங்கியிருக்க வேண்டிய கருக்களில் எத்தனையைத் தடுத்தது என்பதே மாத்திரையின் மெய்யான சாதனை. 1998 ஆய்வின் கணக்குப்படி 70-க்கும் மேற்பட்டோர் கருவுற்றிருக்க வேண்டும், 11 பேர்தான் கருவுற்றார்கள், ஆகவே 85 சதவீதம். அந்த 11 பேரை எண்ணிப் பார்த்தார்கள். அந்த 70 பேரை யாரும் எண்ணவில்லை, எண்ணவும் முடியாது. பயந்துபோய் வந்து நிற்கும் பெண்களில் பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையைக் கொடுத்து என்ன ஆகிறது என்று பார்க்க மனசாட்சியுள்ள எந்த மருத்துவரும் துணியமாட்டார். எனவே ஒவ்வொருவரிடமும் கடைசியாக மாதவிலக்கான தேதியைக் கேட்டு, கருமுட்டை எந்த நாளில் வெளிவந்திருக்கும் என்று ஊகித்து, அந்த நாளுக்குரிய வாய்ப்பைக் கூட்டிப் போட்ட தொகை அது.

அந்த ஊகம் எவ்வளவு உறுதியானது? அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த 221 பெண்களிடம் தினமும் சிறுநீர் வாங்கிப் பரிசோதித்து 1995-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கருமுட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களுமாக மொத்தம் ஆறே நாட்கள்தான் கரு தங்கக்கூடிய நாட்கள் என்று அதில் தெரிந்தது. ஐந்து நாள் முன்னதாக உறவு கொண்டால் வாய்ப்பு 10 சதவீதம், முட்டை வெளியேறும் நாளில் 33 சதவீதம். மறுநாளிலிருந்து கதவு அடைபட்டுவிடுகிறது. விந்தணு பெண்ணுடலில் ஐந்து நாள்வரை உயிரோடு காத்திருக்கும். வெளிவந்த முட்டையோ ஒரு நாளுக்கு மேல் தாங்காது. சிக்கல் என்னவென்றால், இந்த ஆறு நாட்கள் காலண்டருக்குக் கட்டுப்படுவதில்லை. அதே குழுவினர் 2000-இல் வெளியிட்ட கணக்கில், வழக்கமாகச் சொல்லப்படும் 10-ஆம் நாளிலிருந்து 17-ஆம் நாளுக்குள் இந்த ஆறு நாட்களும் முழுமையாக அடங்கியவர்கள் 30 சதவீதம் பெண்கள் மட்டுமே. 'சேஃப் பீரியட்' என்று நம் வீடுகளில் விரல் விட்டு எண்ணுவதை இதற்குமேல் நம்புவது கடினம்.

ஊகத்தை ஒதுக்கிவிட்டு நேராகப் பார்த்தவர்கள் சிலி நாட்டின் சாந்தியாகோ நகரத்து ஆய்வாளர்கள். கேப்ரியலா நோயே, ஹொராசியோ குரொசாட்டோ குழுவினர் மாத்திரை கேட்டு வந்த பெண்களுக்கு அன்றே ரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். முட்டை வெளிவந்துவிட்டதா, இன்னும் இல்லையா என்பது தேதிக் கணக்கு இல்லாமலே தெரிந்தது. 2011-இல் வெளியான முடிவு இது. முட்டை வெளியேறுவதற்கு முன்பே மாத்திரை எடுத்தவர்கள் 103 பேர்; அவர்களில் 16 பேர் கருவுற்றிருக்க வேண்டும், ஒருவர்கூடக் கருவுறவில்லை. முட்டை வெளியேறிய நாளிலோ அதற்குப் பிறகோ எடுத்தவர்கள் 45 பேர். எதிர்பார்த்த கருக்கள் ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு, தங்கியவை எட்டு.

இந்த இரண்டு வரிகளை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகளாக 85, 95 என்று பேசிய சதவீதங்கள் எல்லாம் இந்த இரு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்து எடுத்த சராசரிகள். ஒரு கூட்டத்துக்கு மாத்திரை ஏறக்குறைய முழுக் காவல். மற்றொரு கூட்டத்துக்கு அது அநேகமாக ஒன்றுமில்லை. ஒரு பெண் இந்த இரண்டில் ஏதோ ஒரு பக்கத்தில்தான் நிற்கிறார், 85 சதவீதத்தில் யாரும் நிற்பதில்லை.

மாத்திரை என்ன செய்கிறது என்று தெரிந்தால் இது புரிந்துவிடும். குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு ஃபாலிக்கிள் ஸ்கேன் பழக்கமானது. சினைப்பையில் நீர்க்குமிழி போன்ற பையொன்று நாளுக்கு நாள் வளர்வதை மில்லிமீட்டரில் அளப்பார்கள். "இன்னைக்கு 16 வந்திருக்கு, நாளைக்கழிச்சு வாங்க" என்பார் மருத்துவர். 18, 20 என்று வளர்ந்ததும் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை வெள்ளமாகத் திறந்துவிடும். சுமார் ஒன்றரை நாளில் பை வெடித்து முட்டை வெளிவரும். லெவோனார்ஜெஸ்ட்ரல் செய்யும் ஒரே வேலை அந்த ஹார்மோன் வெள்ளம் கிளம்பாமல் தடுப்பது, அல்லது சில நாள் தள்ளிப்போடுவது. அதற்குள் காத்திருக்கும் விந்தணுக்கள் இறந்துவிடும். வெள்ளம் கிளம்பிவிட்டால் மாத்திரையால் அதை நிறுத்த முடியாது. பை 18 மில்லிமீட்டரைத் தாண்டிய பெண்களிடம் பார்த்தபோது, நூற்றுக்குச் சுமார் 15 பேரிடம்தான் முட்டை வெளியேறுவதை அது ஐந்து நாள் தள்ளிவைத்தது. கரு தங்கும் வாய்ப்பு உச்சத்தில் இருக்கும் நாட்கள் இவைதாம். மாத்திரை கைவிடுவதும் இந்த நாட்களில்தான்.

ஆகவே இங்கே ஓடுவது இரண்டு கடிகாரம். அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 72 மணி நேரம் உறவு நடந்த நேரத்திலிருந்து ஓடுகிறது. உடம்புக்குள் இருப்பது முட்டை வெளியேறும் நேரத்தை நோக்கி ஓடுகிறது. வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது இரண்டாவது கடிகாரம், அதன் முகம் வெளியே தெரியாது. 1998 ஆய்வில் முதல் நாளில் எடுத்தவர்களுக்கு 95, இரண்டாம் நாளில் 85, மூன்றாம் நாளில் 58 சதவீதம் என்று படிப்படியாகச் சரிந்தது. பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் நான்கு ஆய்வுகளைச் சேர்த்து 2011-இல் அலசியபோது நான்காம் நாள்வரை அவ்வளவு ஒழுங்கான சரிவு தென்படவில்லை. ஐந்தாம் நாளில்தான் கரு தங்கும் வாய்ப்பு முதல் நாளைவிட ஏறக்குறைய ஆறு மடங்காகத் தாவியது. இதைப் படித்துவிட்டு நிதானமாகப் போடலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சராசரியில் தெரியாத ஆபத்து தனி ஒருத்தியின் உடம்பில் இருக்கிறது. 15 மில்லிமீட்டரில் பை இருக்கும் பெண்ணுக்கு இன்றிரவு போடுவதும் நாளை மறுநாள் போடுவதும் ஒன்றல்ல. தன் பை எந்த அளவில் இருக்கிறது என்று தெரியாத எல்லோருக்கும் உரிய ஒரே நேரம், கிடைத்த உடனே.

யூலிப்ரிஸ்டல் என்ற மருந்து இந்த இடைவெளியில் சிறிது தூரம் எட்டிப்பிடிக்கிறது. ஐரோப்பா 2009-இலும் அமெரிக்கா 2010-இலும் இதற்கு அனுமதி கொடுத்தன. 120 மணி நேரம்வரை எடுக்கலாம். எல்.எச். வெள்ளம் தொடங்கிய பிறகும், உச்சத்தைத் தொடுவதற்குள் எடுத்தால் நூற்றுக்கு 79 பேரிடம் முட்டை வெளியேறுவதை இது தள்ளிவைத்தது. உச்சம் கடந்தபின் 8 பேரிடம் மட்டுமே. அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பது தெளிவு. நம் ஊர் மருந்துக் கடைகளில் அவசர மாத்திரை என்று கேட்டால் வருவது லெவோனார்ஜெஸ்ட்ரல்தான். ஹாங்காங்கில் மூட்டுவலிக்குத் தரும் பைரோக்சிகாம் மாத்திரையை அதோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-இல் வெளியான அந்த முடிவில் லெவோனார்ஜெஸ்ட்ரல் மட்டும் எடுத்த 418 பேரில் 7 பேர் கருவுற்றார்கள், இரண்டையும் சேர்த்து எடுத்த 418 பேரில் ஒருவர். மலிவான, பழைய மருந்து அது. ஒரே ஓர் ஆய்வு என்பதால் இதற்குள் கொண்டாட வேண்டாம், ஆனால் வேறு ஊர்களில் மீண்டும் செய்துபார்க்கத் தகுந்த ஆய்வு.

உடல் எடை பற்றிய செய்தியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2011-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஆனா கிளேசியர் குழுவினர் இரண்டு பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உடற்பருமன் உள்ள பெண்களிடம் லெவோனார்ஜெஸ்ட்ரல் தோற்கும் வாய்ப்பு நான்கு மடங்கையொட்டி இருந்தது. ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல் இந்தச் சான்று உறுதியாக இல்லை, எடை எதுவானாலும் போடலாம் என்றது. பிரிட்டன் மருத்துவர்களின் வழிகாட்டியோ 70 கிலோவுக்கு மேல் இருந்தால் கருப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டியையோ யூலிப்ரிஸ்டலையோ முதலில் யோசிக்கச் சொல்கிறது, இரண்டும் கிடைக்காவிட்டால் இரட்டை அளவு. இரட்டை அளவால் பருமனான பெண்களுக்குப் பலன் கூடியதாக 2022-இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டவில்லை. விவாதம் முடியவில்லை. 70 கிலோ என்பது நம் தெருவில் அன்றாடம் பார்க்கும் எடை என்பதால் இது நமக்குத் தூரத்து விவாதமும் இல்லை.

இதைவிட உறுதியான, இதைவிடக் குறைவாகப் பேசப்படுகிற ஒன்று இருக்கிறது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயின், கார்பமாசெபைன், எச்.ஐ.வி.க்குத் தரும் எஃபாவிரென்ஸ் ஆகிய மருந்துகள் கல்லீரலைத் தூண்டி லெவோனார்ஜெஸ்ட்ரலை வேகமாக உடைத்து வெளியேற்றிவிடும். காசநோய் மாத்திரையைத் தவறாமல் விழுங்கிவரும் ஒரு பெண் கடையில் அவசர மாத்திரை கேட்கும்போது "வேறு மருந்து எடுக்கிறீங்களா?" என்று ஒருவர் கேட்டால் போதும். காசநோயை விரட்ட இத்தனை பாடுபடும் நாட்டில் இந்தக் கேள்வி வழக்கமாகியிருக்க வேண்டும்.

மாத்திரை போட்ட பிறகு நடக்கும் தவறு இன்னொன்று. அது முட்டையைத் தள்ளிப்போடுகிறது, அழிப்பதில்லை. இரண்டு நாளில் வந்திருக்க வேண்டிய முட்டை ஏழு நாள் கழித்து வரலாம். "மாத்திரைதான் போட்டாச்சே" என்ற தைரியத்தில் இடையில் மீண்டும் பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டால், அது சரியாக அந்த முட்டையின் முன்னால் போய் நிற்கும். கிளேசியர் குழுவின் அதே அலசலில், அப்படி மீண்டும் உறவு கொண்டவர்களிடம் தோல்வி நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. அடுத்த மாதவிலக்கு வரும்வரை ஆணுறை வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை. பெட்டிக்குள் மடித்திருக்கும் தாளில் அது எறும்பு எழுத்தில் இருக்கும்.

நம்பகத்தன்மை ஒன்றே அளவுகோல் என்றால் இந்தக் கட்டுரையின் நாயகன் மாத்திரை ஆகாது, காப்பர்-டிதான். பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு, பெரும்பாலும் ஐந்து நாளுக்குள், அதைப் பொருத்தினால் என்ன ஆகிறது என்று 42 ஆய்வுகளைத் திரட்டி 2012-இல் பார்த்தார்கள். 7,034 பெண்களில் கருவுற்றவர்கள் 10 பேருக்கு மேல் இல்லை. ஏறத்தாழ எழுநூறு பேருக்கு ஒருவர். செம்பு அயனிகள் விந்தணுவைச் செயலிழக்க வைக்கின்றன. கருவுற்ற முட்டை கருப்பையில் ஒட்டுவதையும் தடுக்கக்கூடும். ஆகவே உள்ளேயிருக்கும் கடிகாரம் எந்த நேரத்தைக் காட்டினாலும் அதற்குக் கவலையில்லை. எடையும் தடையில்லை, காசநோய் மருந்தும் தடையில்லை. பொருத்தியபின் அப்படியே விட்டுவிட்டால், 380ஏ வகை பத்து ஆண்டுக்குக் காவல். அரசு மருத்துவமனைகளில் இலவசம். இத்தனை இருந்தும், பிள்ளை பெற்றபின் அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போட என்றே நம் மருத்துவமனைகளில் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அவசரத்துக்கு அதைக் கேட்டு வரும் பெண்ணை, அதுவும் கழுத்தில் தாலியில்லாதவரை, எப்படி நடத்துவோம் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. 2021-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஹார்மோன் வகைக் கருப்பைச் சாதனத்தையும் இதே அவசரத்துக்குப் பொருத்திப் பார்த்தார்கள்: 317 பேரில் ஒருவர் கருவுற்றார், காப்பர்-டி பொருத்திய 321 பேரில் யாரும் இல்லை.

மாத்திரை கருவைக் கலைக்கிறது என்ற நம்பிக்கையால் நேர்ந்த இழப்புக்குச் சிலியே சாட்சி. சாந்தியாகோவில் அந்த ஆய்வாளர்கள் ரத்த மாதிரிகளோடு உண்மையைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், 2008-இல், அந்நாட்டு அரசியலமைப்புத் தீர்ப்பாயம் அரசு மருத்துவமனைகளில் மாத்திரை தருவதைத் தடுத்தது. கருவுற்ற முட்டையை அது அழிக்கக்கூடும் என்ற சந்தேகமே காரணம். காசுள்ளவர்கள் தனியார் கடையில் வாங்கினார்கள், ஏழைப் பெண்களுக்கு வழி அடைபட்டது. 2010-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றித்தான் அதைத் திறக்க முடிந்தது. முட்டை வெளிவந்தபின் மாத்திரை எடுத்த 45 பேரில் எட்டுப் பேருக்குக் கரு தங்கியதே, அந்தச் சந்தேகத்துக்கு அதைவிட நேரான மறுப்பு வேறில்லை. கலைக்கும் மருந்தாக இருந்திருந்தால் அந்த எட்டும் தங்கியிருக்காது. அமெரிக்க மருந்து நிர்வாகமும் 2022 டிசம்பரில், கரு ஒட்டுவதை இது பாதிப்பதில்லை என்று மருந்துக் குறிப்பைத் திருத்தியது. கருக்கலைப்புக்குப் பயன்படும் மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் முற்றிலும் வேறு மருந்துகள், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டியவை.

தமிழ்நாட்டில் தீர்ப்பாயம் எதுவும் தடுக்கவில்லை. 2005 முதல் இந்தியாவில் இந்த மாத்திரைக்கு மருந்துச் சீட்டு தேவையில்லை. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் தடை எதுவும் இல்லை என்று பத்திரிகைகளிடம் சொல்லியிருக்கிறார்கள். இருந்தும் சென்னையிலேயே கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. "அண்ணா, ஐ-பில் இருக்கா?" பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். "அதெல்லாம் வைக்கிறதில்லம்மா." அடுத்த கடை, அதற்கடுத்த கடை, பிறகு ஆன்லைனில் போட்டு இரண்டு நாள் காத்திருப்பு. இந்த மாத்திரைக்கு உயிரே நேரத்தில்தான் இருக்கிறது. அதை ஒளித்துவைக்கும் ஒவ்வொரு கடையும் மருந்தின் வீரியத்தைக் குறைத்துத் தருவதாகத்தான் நான் எண்ணுகிறேன். தாமதமாகி, மாத்திரை தோற்று, கலைப்புக்கு அலையும் பெண்ணைப் பார்த்து ஒழுக்கம் காக்கப்பட்டதாக யாரும் நிம்மதி கொள்ள முடியாது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு அவசரக் கருத்தடை தர வேண்டும் என்று 2014-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. புகார் கொடுக்கும் திராணியில்லாமல் நேரே கடைக்கு வரும் பெண்ணுக்கும் அதே மாத்திரைதான் வேண்டும்.

எளிதாகக் கிடைத்தால் போதும், வேண்டாத கருக்கள் ஊரளவில் குறைந்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஸ்காட்லாந்தின் லோதியன் பகுதியில் ஏறக்குறைய 18,000 பெண்களுக்கு மாத்திரையை முன்கூட்டியே வீட்டில் வைத்துக்கொள்ளக் கொடுத்தார்கள். கருக்கலைப்பு விகிதம் அசையவில்லை. வீட்டில் இருந்தும், ஆபத்தான நாளென்று உணராமல் பலர் எடுக்கவில்லை. தனி ஒரு பெண்ணுக்கு ஓர் இரவில் பெரிய உதவி, ஒரு சமூகத்துக்கு ஆணுறைக்கோ காப்பர்-டிக்கோ மாற்றாகாது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை.

விழுங்கி இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு மாத்திரை போட வேண்டும். சில நாளில் வரும் திட்டுத்திட்டான ரத்தக்கசிவை வெற்றியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த மாதவிலக்கு சில நாள் முன்பின்னாவது இயல்பு. ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனாலோ, வழக்கத்தைவிட மிகக் குறைவாகப் பட்டாலோ சிறுநீர்ப் பரிசோதனை அவசியம். உறவு நடந்து 21 நாள் ஆனபின் பார்த்தால் அதன் முடிவை நம்பலாம். இரண்டு கோடு விழுந்தால், மாத்திரையால் குழந்தைக்குக் கேடு வந்திருக்குமோ என்ற பயத்துக்கு இதுவரை எந்தச் சான்றும் இல்லை, தொடர விரும்புபவர் தொடரலாம். வேண்டாமென்றால் 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் இருக்கிறது. கருத்தடை முறை தோற்றுக் கரு தங்கியதையே அது ஒரு காரணமாக ஏற்கிறது. 'மணமான பெண், அவருடைய கணவர்' என்றிருந்த சொற்களை 2021 திருத்தம் 'எந்தப் பெண்ணும், அவருடைய துணைவரும்' என்று மாற்றிவிட்டது. 20 வாரம்வரை தகுதியுள்ள ஒரு மருத்துவரின் கருத்தே போதும். பதினெட்டு வயது நிறைந்தவர் என்றால் கணவர், பெற்றோர் கையெழுத்து எதுவும் வேண்டியதில்லை.